பம்பூல்காவின் பின்பக்கம்

ஸ்வோலென், வியாழக்கிழமை

மதிப்புக்குரிய மூத்த மைத்துனர் ராதோவன் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வெண்டெலின் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் முழங்காலும் இப்போது சமாதானமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இவ்விடம் எல்லோரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். இன்னொருவர் திங்கட்கிழமை காலையில் "அண்ணன் வீட்டுக்குப் போறேன், தேடாதே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். கோஷிட்ஸேயில் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு நாலு நாளாக என்னைப் பற்றி என்னென்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எல்லாம் உண்மைதான். தொலைபேசியில் பேசலாம் என்றால், உங்கள் காதுக்கு எட்டும்படி நான் கத்தினால் எங்கள் அடுக்குமாடி முழுக்கக் கேட்கும். ஆகவே கடிதம். என் பக்கத்து நியாயம் கொஞ்சம்தான், அதையும் கேட்டுவிடுங்கள்.

ஜெல்மீராவுக்கு இந்த மாதம் அறுபது நிறைந்தது. முப்பத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் நான் அவளுக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசுகள் எல்லாம் இஸ்திரிப் பெட்டி, வாணலி என்ற வகை. ஒரு தடவை காருக்கு நாலு டயர். இந்தத் தடவையாவது மனுஷனாக நடந்துகொள்வோம் என்று, அவள் அந்தக் காலத்தில் டெலிவிஷன் கார்ட்டூனுக்காக உண்டாக்கிய 'பம்பூல்கா' விண்கப்பலை நிஜமாகவே பறக்கவிடுவது என்று முடிவு செய்தேன். உங்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் தெரிந்த அதே பம்பூல்காதான். வெள்ளெலி கேப்டன், கோடு போட்ட சட்டை, வாரம் ஒரு கிரகம். இருபத்தாறு கதையிலும் கப்பலையும் எலியையும் அட்டையில் வெட்டி, வண்ணம் தீட்டி, ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று செய்தவள் உங்கள் தங்கை. நானோ நாற்பது வருடம் கொதிகலன் பழுது பார்த்தவன். ஒரு அட்டைக் கப்பலைப் பறக்கவிடுவது எனக்கு என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அங்கேதான் கோளாறு ஆரம்பம்.

எங்கள் ஊரில் சின்ன ராக்கெட் செய்து பறக்கவிடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதன் தலைவர் ப்ளாஜெய், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. காகிதம் காட்டாவிட்டால் தன் பிறந்தநாளைக்கூட நம்பமாட்டார். கப்பலின் படத்தைப் பார்த்ததும், "யோவ் வெண்டோ, தொப்பை கீழே, காது மாதிரி ரெக்கை மேலே, வால்ல ஒண்ணுமே இல்ல. இது மேலே போகாதுய்யா, திரும்பி நம்ம மேலதான் வரும்" என்றார். மூக்கில் ஈயம் வைத்தேன். மீன்பிடிக்கிற தூண்டில் ஈயம், ஒரு கை நிறைய. வாலுக்குச் செட்டை வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வெட்டினேன். அந்தப் பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஜெல்மீரா ஒரு வாரம் தன் கேக் மூடியைத் தேடினாள், கசகசா கேக் காய்ந்து ஓடாகிவிட்டது, நான் குற்றமில்லாத முகத்தோடு அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றேன். பிறகு, நூலில் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றினால் கப்பல் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு வரவேண்டும், வந்தால்தான் நேராகப் பறக்கும் என்று ப்ளாஜெய் சொன்னார். அவள் தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போன நேரமாகப் பார்த்து வரவேற்பறையிலேயே சுழற்றினேன். கப்பல் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டுதான் வந்தது. நேராக உங்கள் அம்மா கொடுத்த சரவிளக்குக்குள் போனது. ஜெல்மீராவிடம் உடற்பயிற்சி செய்தேன் என்று சொன்னேன். "விளக்குல தொங்கியா?" என்று கேட்டாள்.

இதெல்லாம் சில்லறைக் கஷ்டம். கப்பலைப் பறக்கவிட நான் பெயர் கொடுத்திருந்தது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில், பெரிய கஷ்டம் அதன் விதியில் இருந்தது. அசல்போல் இருக்க வேண்டிய பிரிவில், அசலின் எல்லாப் பக்கத்துக்கும் படச் சான்று வைக்க வேண்டும். இடம் இருக்கிறது, வலம் இருக்கிறது, முன்பக்கம்கூட ஒரு கதையில் இருக்கிறது. பின்பக்கம் இல்லை! இருபத்தாறு கதையையும் வீடியோவில் போட்டு, டெலிவிஷனுக்குப் பின்னால்கூட ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டேன், இல்லை. பரிசு ரகசியம் என்பதால் நேராகவும் கேட்க முடியாது. இரவுச் சாப்பாட்டில் தட்டில் உருளைக்கிழங்கு ஹலுஷ்கியைக் கிண்டிக்கொண்டே சும்மா கேட்பதுபோல் கேட்டேன்:

"ஜெல்கா, உன் கப்பலுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"பின்னாடியா? மேஜை."

"அதில்லம்மா, கப்பலோட முதுகுப் பக்கம்."

"அது அட்டை, வெண்டோ. அட்டைக்கு ஏது முதுகு? என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"சும்மா நீ உப்புகூடக் கேக்கமாட்டியே" என்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, மச்சான். அதற்குப் பதிலாக நிலவறைக்குப் போய் பம்பூல்காவின் பின்பக்கத்தை நானே வரைந்தேன். எனக்குத் தெரிந்ததைத்தானே வரைய முடியும்? நடுவில் ஒரு புகைக்குழாய், மோட்டார் வைக்க வசதியாக. அதில் திருகுகிற வால்வு. பக்கத்தில் அழுத்தமானி, கரி அள்ள ஒரு சின்னக் கதவு, கதவுக்குக் கீழே எலி கால் துடைக்க ஒரு மிதியடி. பழைய காகிதத்தில், அவளுடைய பென்சிலாலேயே வரைந்து, தேநீர்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, செய்தித்தாள் ஓரத்தில் நாற்பது தடவை பழகிவிட்டு மூலையில் அவள் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். ப்ளாஜெய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் காளான் பொறுக்கப் போகலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். ரப்பர் பூட்ஸும் கூடையுமாகப் புல்வெளியில் இறங்கினால், அங்கே நூறு பேர், கொடி, ஒலிபெருக்கி, நடுவில் மேடைமேல் அவளுடைய பம்பூல்கா! அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான், அந்த ஒரு நிமிஷம் நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன். அடுத்த நிமிஷம் ப்ளாஜெய் கோப்போடு வந்துவிட்டார். "அம்மா, ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்குறேன். இந்தப் படம் நீங்க வரைஞ்சதுதானே?"

அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். படத்தைப் பார்த்தாள். புகைக்குழாயைப் பார்த்தாள், மிதியடியைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அவள் கூடையை எடுத்தேன்.

"ஆமா, என்னுதுதான்" என்றாள்.

கப்பல் பறந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், அருமையாகப் பறந்தது. நேராக மேலே போய், மூக்குக் கழன்று, சிவப்புப் பாராசூட் விரிந்து, வாலைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு மெல்ல இறங்கியது. இருபத்தாறு கதையில் ஒருத்தரும் பார்க்காத அந்தப் பின்பக்கம் முழுசாக இரண்டு நிமிஷம் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கியது. ஜனம் கைதட்டியது. முப்பது வயது பஸ் டிரைவர் ஒருவர் கண் கலங்கி ஓடி வந்து, "சின்ன வயசுலேருந்து யோசிச்சிருக்கேன் மேடம், இதுக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு. கொதிகலன்! எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று அந்தப் படத்திலேயே கையெழுத்துக் கேட்டார். அவளும் நான் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். கோபத்தில் கிறுக்கியதில், இரண்டில் அவளுடையதுதான் போலி மாதிரி இருந்தது. கடைசியில் ப்ளாஜெய் ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டு, 'பின்பக்க வடிவமைப்புக்கான சிறப்புப் பாராட்டு' என்று சட்டம் போட்ட பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"அந்த எலிக்கு மீசை மட்டும் நாலாயிரம் தடவை நகர்த்தினேன்யா. எவனாவது மீசையப் பத்திப் பேசினானா? உன் புகைக்குழாயப் பாத்துக் கைதட்டுறாங்க. பாராட்டு வேற, என் பேர்ல!"

"நல்லாத்தானே இருந்துச்சு, ஜெல்கா?"

"அதுதான் எரியுது! நல்லா இருந்துச்சு!" பத்திரத்தைச் சோபாவில் எறிந்தாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஸ்டுடியோவை மூடி ஏழு வருஷமாச்சு. ஒருத்தர்கூட என்கிட்ட ஒண்ணு வரைஞ்சு குடுன்னு கேக்கல. நீயாவது கேட்டிருக்கலாம். வாயத் தொறந்து கேட்டிருந்தா, பின்பக்கம் என்ன, பத்துப் பக்கம் வரைஞ்சு குடுத்திருப்பேனே. நீ என் கையெழுத்த மட்டும் எடுத்துக்கிட்டே."

மச்சான், ஏழு வருடமாக அவள் பென்சில்கள் ஒரு டப்பாவில் சீவினபடியே இருந்தன. அதில் ஒன்றை எடுத்துத்தான் நான் திருட்டு வேலை செய்தேன், அவை ஏன் தேயாமல் இருக்கின்றன என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நாலு நாளாக வீடு வீடாக இல்லை. சூப்பை நானே வைத்து நானே தின்கிறேன், உப்பு யார் போட்டாலும் இவ்வளவு மோசமாக இருக்காது. தயவுசெய்து அவளிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவையுங்கள். இனி ராக்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், ஈயம், பசை, மோட்டார் எல்லாவற்றையும் மூட்டை கட்டியாயிற்று, சங்கத்துக்கு விலகல் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். இது சத்தியம். கேக் மூடி புதிது வாங்கிவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.

தங்களுக்கும் அண்ணிக்கும் நீண்ட ஆயுளும், தங்கள் முழங்காலுக்கு வறண்ட வானிலையும், தங்கள் பிளம் மரத்துக்கு நல்ல காய்ப்பும் கிட்டுமாக. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஜெல்மீராவுக்கு, அவள் அனுமதித்தால், அதுவே.

என்றும் தங்கள் பணிவுள்ள,
வெண்டெலின்

பி.கு.: உறையை நாக்கில் வைத்து ஒட்டப்போகும் சமயம் வாசல் மணி அடித்தது. ப்ளாஜெய்! ஜெல்மீரா உங்கள் வீட்டுக்கு வரவே இல்லையாமே? முதல் இரண்டு பக்கம் படிக்கும்போது உங்களுக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது, மன்னிக்கவும். நாலு நாளாக அவள் இரண்டு தெரு தள்ளி ப்ளாஜெய் வீட்டில் தங்கி, பகலெல்லாம் சங்கத்துப் பட்டறையில் புதுப் பம்பூல்கா வரைந்துகொண்டிருக்கிறாளாம். எல்லாப் பக்கமும் அவளே. ப்ளாஜெய் சொன்னார்: "பதினேழு தாள் வரைஞ்சிட்டாங்கய்யா. கிட்ட போனா பென்சிலாலயே குத்துறாங்க. பின்பக்கம் வந்ததும், 'இந்தப் புகைக்குழாய மாத்த மாட்டேன், வால்வு எந்தப் பக்கம் திரும்பும்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க'ன்னு அனுப்பிச்சாங்க." அடுத்த மாதப் போட்டிக்கு அவள் நிரப்பிய படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். செய்பவர்: ஜெல்மீரா. உதவியாள்: வெண்டெலின். கீழே ஏற்கெனவே என் கையெழுத்து. என் ஜென்மத்தில் நான் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை. ப்ளாஜெய் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, "சம்பிரதாயத்துக்குக் கேக்குறேன், இது நீ போட்டதுதானே?" என்றார். சத்தியமாக நான் போட்டதுதான் என்றேன். ஆகவே மச்சான், யாரையும் அனுப்பிவைக்க வேண்டாம், விலகல் கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று, மூட்டையைப் பிரித்தாயிற்று, இந்தக் கடிதத்தில் நான் அழுத இடங்களை மட்டும் கிழித்துவிடுங்கள். நான் கிளம்புகிறேன். வால்வு இடப்பக்கம் திரும்பும். அதை ப்ளாஜெய் சொல்லக்கூடாது, நான்தான் சொல்ல வேண்டும்.