எனக்கு நானே செலுத்திய மௌன அஞ்சலி

தெமோதரை,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி கிருஷ்ணராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மொனராகலையில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். நான் சுகம். சுகம் மட்டுமில்லை, உயிரோடும் இருக்கிறேன். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம். போனில் சொல்லலாம்தான், ஆனால் என் வீட்டுக்காரி ஜீவராணி பக்கத்திலேயே நிற்கிறாள், அவளுக்குத் தெரியாத ஒரு வெட்கக்கேட்டை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஹாலிஎலைக்குப் போன பிறகு, நான் அவளுடைய சேலையைக் கட்டி, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் போடும் கொங்காணியால் மீசையையும் மூடிக்கொண்டு, தோட்டத்து மண்டபத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து என் நாடகத்தை நானே பார்த்தேன்.

காரணம் பிரஷர். நாடகம் நடக்கும்போது நான் திரைக்குப் பின்னால் நிற்கவே கூடாது என்று பதுளையில் டாக்டர் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாக நான் நின்ற இடம் அது. நடிகர்கள் வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பேன், மறக்காவிட்டாலும் எடுத்துக்கொடுப்பேன். என் உதவியாளன் ஜௌபர், "சேர், நீங்க வீட்ட இரிங்க, நாங்க பாத்துக்கொள்றம்" என்றபோது அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷம் என் பிரஷரை இன்னும் ஏற்றியது. நான் இல்லாமல் நாடகம் விழும், விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், என் ஆசை அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் மரியாதைக்காரர்கள். நான் இல்லாத குறை தெரியக்கூடாதென்று என் படத்தைப் பெரிதாக்கி, மேடையில் மேசை போட்டு வைத்து, மாலையும் போட்டு, முன்னால் விளக்கையும் ஏற்றிவிட்டார்கள். மாலை போட்ட படத்துக்கு நம் ஆட்களிடம் வேறு என்ன அர்த்தம் இருக்கிறது? கோயில் கமிட்டித் தலைவர் அழகையா மைக்கைப் பிடித்தார், படத்தைப் பார்த்தார், குரல் தழுதழுத்தது. "எல்லாரும் எந்திரிங்க, மாஸ்டருக்காக ஒரு நிமிசம்" என்றார். முந்நூறு பேர் எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் எழுந்து, எனக்காக நானே தலைகுனிந்து நின்றேன். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கொங்காணியை எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். செத்தவன் சேலையோடு எழுந்து நின்றால் சனம் என்னாவது? உள்ளே வேஷம் போட்டுக்கொண்டிருந்த ஜௌபரோ, சனம் இவ்வளவு அமைதியா என்று பூரித்துப் போயிருக்கிறான்.

"பாவம், நல்ல மனுசன்" என்றாள் வலப்பக்கத்துப் பெண்.

"மனுசன் நல்லவருதான், வாயிதான் மூடாது" என்றாள் இடப்பக்கத்துக்காரி. "போன திருவிழாவுல நாடகத்த விட அவரு உள்ளருந்து ஏசுனதுதான் கூட கேட்டுச்சு."

"செத்தவரப் பத்தி அப்புடிப் பேசாத."

"செத்ததுனாலதானே இன்னைக்கு வசனம் வெளங்கப்போவுது."

நான் விசும்பிவிட்டேன். "ஏம்மா, நீ அவருக்குச் சொந்தமா?" என்று வலப்பக்கத்துப் பெண் கேட்டாள். தலையாட்டினேன்.

பிறகுதான் பெரிய அதிர்ச்சி. நாடகம் விழவில்லை. ஒருவரும் மறக்கவில்லை, ஒருவரும் திரைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குவைத்துக்கு வேலைக்குப் போகும் மகளிடம் தாய், "போய்ச் சேந்ததும் போன் பண்ணாத. மொதல்ல சாப்புடு" என்றபோது வலமும் இடமும் அழ, நடுவில் நானும் அழுதேன். நான் போட்ட சத்தத்தில் இத்தனை வருஷமாக என் வசனத்தை நானே கேட்டதில்லை அக்கா. அந்த வரியை எப்போது எழுதினேன் என்றுகூட ஞாபகமில்லை. ஆனால் எழுதியவன் லேசுப்பட்டவன் இல்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் நாடகம் உங்கள் மொனராகலைக்கு வருகிறது, நான் வரவில்லை. ஜௌபரே நடத்தட்டும். என் எழுத்து மேடையில் நிற்கும்போது ஆள் எதற்கு? நீங்களும் அத்தானும் முன்வரிசையில் இருந்து பாருங்கள். எழச் சொன்னால் மட்டும் எழ வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மாமனின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
கிருஷ்ணராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் ஜௌபர் வந்தான். கோபிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒன்றைச் சொன்னான். எங்கள் குழுவுக்கு உடுப்புத் தைக்கிற ஹம்ஸியா, என் வசனம் வாய்க்குள் நுழையவில்லையென்று நடிகர்கள் எல்லாரும் அழுததைப் பார்த்து, முழு நாடகத்தையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நாலு வருஷமாக அதைத்தான் நடிக்கிறார்களாம்.