ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது

கேம் கொன்சோல் வைத்திருக்கிறவர்கள் விளையாடுகிற நேரத்தை விடக் காத்திருக்கிற நேரமே அதிகம். வெளியாட்கள் செய்கிற கேம்கள் எல்லாப் பெட்டிக்கும் வரும். ஆனால் கொன்சோலைச் செய்த கம்பனியே தன் கையால் ஒரு கேம் செய்து விடும் பாருங்கள், அதற்காகத்தான் நாங்கள் அந்தப் பெட்டியையே வாங்குகிறோம். அது அத்தி பூத்தாற்போல்தான் வரும். முதலில் ஒரு துண்டுப் படம் காட்டுவார்கள். பிறகு ஒரு வருடம் மௌனம். பிறகு ஒரு திகதி சொல்வார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு அந்தத் திகதியைத் தள்ளி வைப்பார்கள். (அந்த மன்னிப்புக் கடிதம் எப்போதும் அருமையாக இருக்கும். அதை எழுதியவரையே கேமையும் செய்ய விட்டிருந்தால் நேரத்துக்கு முடிந்திருக்கும்.)

கம்பனியின் இந்த ஆமை வேகத்தை நம்பி நான் ஒருமுறை என் கல்யாணத்தையே பணயம் வைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கோட்டையில் ஒரு ஷிப்பிங் ஒபிஸில் கிளார்க். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் அம்மாவோடு வாசம். நாலு வீடு தள்ளி ஷெரின் இருந்தாள். மொண்டிசூரி டீச்சர். எங்கள் விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். அம்மாவுக்குச் சம்மதம். ஷெரினின் அப்பாவுக்கும் சம்மதம். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல பாரமான மனிதர், எதற்கும் ஓம் சொல்லிவிட்டுப் பேப்பரை விரிப்பார். தடையாக நின்றது ஒரே ஒருவர்: ஷெரினின் அம்மா, பிலோமினா அன்ரி.

அன்ரிக்கு என் குடும்பத்தில் குறையில்லை, வேலையில் குறையில்லை. என் கொன்சோல்தான் கண்ணில் குத்தியது. ஒருநாள் அம்மாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"உங்கட ஜூட் நல்ல பிள்ளைதான். ஆனா வேலையால வந்து சப்பாத்தைக் கழட்ட முந்தி அந்தப் பெட்டியைப் போடுறாராமே. விளையாட்டுப் பிள்ளைக்கு எப்பிடிப் பொம்பிளை குடுக்கிற?"

பிலோமினா அன்ரிதான் எங்கள் ஒழுங்கை அன்பியத்தின் தலைவி. ஒழுங்கையிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செபிக்கும் கூட்டம் அது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மாலையில் எல்லோரும் கூடி, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா வரைக்கும் ஒறுத்தலாகத் தாங்கள் விடப்போவது என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இறைச்சியை விடுகிறவர்கள், சிகரெட்டை விடுகிறவர்கள், பால்தேநீரை விடுகிறவர்கள் என்று எல்லா வகையும் இருப்பார்கள். நான் அதுவரை பாகற்காயை விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை உதித்தது. விபூதிப் புதனுக்கு முதல் சனிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியில் நான் வழக்கமாக கேம் வாங்கும் கடைக்காரப் பெடியனிடம், கம்பனியின் சொந்தக் கேம் ஏதும் பாஸ்காவுக்கு முன் வருமா என்று விசாரித்தேன்.

"அய்யே, கனவு காணாதீங்க. அவங்க வருஷக் கடைசிக்குத்தான் ஒண்டு எண்டு சொல்லியிருக்கிறாங்க. வருஷக் கடைசி எண்டா அடுத்த வருஷம். தெரியும் தானே."

எனக்கு அது வேதவாக்கு. கையிலிருந்த கேம்களை எல்லாம் எப்போதோ முடித்துவிட்டேன். பெட்டி சும்மா தூசி தின்றுகொண்டிருந்தது. புதன் மாலை என் முறை வந்ததும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"நான் இந்தத் தவக்காலத்தில கொன்சோலை விடுறன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செபத்துக்கு வந்திருந்த பங்குக் கோயில் ஃபாதர் புன்னகைத்தார். ஷெரின் நம்ப முடியாமல் பார்த்தாள். பிலோமினா அன்ரியின் கண் கலங்கியது. (மெய்யாகவே கலங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.) வெளியே வரும்போது அன்ரி என் தோளைத் தொட்டு, "மகன், பாஸ்காவுக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வாங்க. கதைப்பம்," என்றார்.

அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை. இல்லாத கேமை விளையாடாமல் இருப்பதற்குக் கிடைத்த பரிசு ஒரு பொம்பிளை! இதை விட மலிவான ஒறுத்தலைத் திருச்சபை கண்டதில்லை என்று நினைத்து எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு கிழமையும் புண்ணியவான் போல நடமாடினேன். மூன்றாம் கிழமை, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது போனைத் திறந்தேன். கம்பனி திடீரென்று ஒரு நிகழ்ச்சி வைத்து, யாருக்கும் மூச்சு விடாமல் செய்து வைத்திருந்த ஒரு பெரிய கேமைக் காட்டியிருந்தது. படத்தின் முடிவில் ஒரு வரி: இன்றே கிடைக்கும். எத்தனையோ வருடமாக நேரத்துக்கு ஒன்றைக்கூடத் தராத கம்பனி, சரித்திரத்தில் ஒரே ஒரு முறை நேரத்துக்கு முன்பு தந்திருந்தது. அதுவும் தவக்காலத்தில். என் இறங்குமிடம் கடந்து இரண்டு தரிப்பிடம் போய்விட்டது.

நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், ஏதோ ஞானக்கேள்வி கேட்பவன் மாதிரிக் கேட்டேன்.

"ஃபாதர், தவக்காலம் நாப்பது நாள் எண்டு சொல்றாங்க. எண்ணிப் பார்த்தா கூட வருதே?"

ஃபாதருக்குச் சந்தோஷம். இளைஞன் ஒருவன் வழிபாட்டு முறையில் சந்தேகம் கேட்பது தினமும் நடக்கிற காரியமில்லை. "நல்ல கேள்வி மகன். ஞாயிற்றுக்கிழமை கணக்கில வராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள் தானே, தவக்காலத்திலயும் அது திருநாள்தான்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு ஓடினேன்.

திருச்சபையின் சட்டம் எவ்வளவு தாராளமானது என்று அதன் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஞாயிறு என்பது சனிக்கிழமை மாலைப் பூசையோடேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே சனி மாலையும் சேர்த்தி. மார்ச் மாதத்தில் சூசையப்பர் பெருவிழா வருகிறது, அதுவும் திருநாள். அந்த வருடம் அது வியாழக்கிழமை வந்தது. அதற்கும் முதல் நாள் மாலை உண்டு. மங்கள வார்த்தைத் திருநாளையும் குறித்து வைத்துக்கொண்டேன். இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவுக்கு விளக்கியபோது, அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், "உன்னை நான் லோயருக்குப் படிப்பிச்சிருக்கலாம்," என்றார்.

கேம் அபாரம். பரந்த ஒரு தேசம், சதுப்பு நிலம், பின்னணியில் தேவாலயப் பாடகர் குழு பாடுவது போன்ற இசை. அதில் ஒரு குதிரையைப் பிடித்துப் பழக்க வேண்டும். எனக்கு வாய்த்த குதிரை கிட்டப் போனாலே உதைத்தது. உதை வாங்கி வாங்கி ஒருவழியாகப் பிடித்த பிறகு, அதற்குப் பெயர் வைக்கச் சொன்னது கேம். நான் யோசிக்கவேயில்லை. கை தானாக எழுதிவிட்டது.

சூசையப்பர் திருநாள் முடிந்ததும் யோக்கியனாகக் கேமை நிறுத்தினேன். முழுதாக அணைக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர வசதியாகப் பெட்டியைத் தூங்க மட்டும் வைத்தேன். கொன்ட்ரோலரை செற்றியின் குஷனுக்குக் கீழே செருகினேன். ஏனென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆண்டவரின் பாடுகளைப் பதினான்கு தலங்களாகத் தியானிக்கும் அன்பியத்தின் சிலுவைப்பாதை அந்த வாரம் எங்கள் வீட்டில்.

வேலையால் வந்தபோது அம்மா ஹோலைக் கோயிலாக்கியிருந்தார். எங்கள் வீட்டில் உயரமான மேசை என்றால் டிவி வைக்கும் மேசைதான். டிவியை ஊதாத் துணியால் மூடி, தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை மூடுகிற மாதிரியே மூடி, அதற்கு முன்னால் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுதிரியையும் வைத்திருந்தார். பார்க்க மிகவும் அழகாக இருந்தது. சனம் நிறைந்தது. பிலோமினா அன்ரி முன்வரிசை. என்னைக் கண்டதும் தலையை அசைத்தார். ஏறக்குறைய ஒரு மாமியாரின் தலையசைப்பு.

ஷெரின்தான் தலங்களை வாசித்தாள். பன்னிரண்டாம் தலம். ஆண்டவர் சிலுவையில் உயிர் விடுகிறார். எல்லோரும் முழந்தாளிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருக்க வேண்டும். பாரமான உடம்போடு ஷெரினின் அப்பா அங்கிளும் முழந்தாளிட்டார். தாங்கிக்கொள்ள செற்றியில் இரண்டு முழங்கையையும் ஊன்றினார். குஷனின் மேல்.

பீப்.

பெட்டி விழித்தது. பெட்டி விழித்தால் டிவியும் கூடவே விழிக்கும். (இந்த வசதிக்காகவே அந்த டிவியை வாங்கினேன்.) சுரூபத்துக்குப் பின்னால் ஊதாத் துணி மெல்ல மெல்ல ஒளி விட்டது. பிறகு எங்கிருந்தோ வானதூதர்கள் மாதிரிப் பல குரல்கள் சேர்ந்து பாடத் தொடங்கின.

"புதுமை! ஆண்டவரின்ட அற்புதம்!" என்றார் பின்வரிசையில் ஓர் அன்ரி. நாலைந்து பேர் சிலுவை அடையாளம் போட்டார்கள். ஒருவர் விம்மினார். எனக்கே ஒரு கணம் பக்தி வந்துவிட்டது. பிறகுதான் அந்தப் பாட்டை எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தது. நேற்றுக் கேட்டிருந்தேன்.

புதுமையை நம்பாத ஒரே ஆள் பிலோமினா அன்ரி. "ஐயோ, மெழுகுதிரி துணியில பத்திட்டுது!" என்று பாய்ந்து துணியைப் பிடித்து இழுத்தார்.

திரையில் மழை. சதுப்பு. சேறு பூசிய என் வீரன். பக்கத்தில் குதிரை. குதிரையின் தலைக்கு மேல், ஃபாதர் கண்ணாடியில்லாமலே வாசிக்கக்கூடிய பெரிய ஆங்கில எழுத்தில், பிலோமினா. அதற்குக் கீழே அறிவிப்பு: பிலோமினா கோபமாக இருக்கிறது, கரட் கொடுக்கவும்.

அங்கிள் பதறி எழும்ப முயன்றார். முழங்கை அசைந்தது. கொன்ட்ரோலர் அமுங்கியது. என் வீரன் குதிரையில் ஏறப் போனான். பிலோமினா அவனை உதைத்தது. அவன் சேற்றில் விழுந்தான். அங்கிள் மறுபடி அசைந்தார். வீரன் மறுபடி ஏறப் போனான். பிலோமினா மறுபடி உதைத்தது. கொட்டாஞ்சேனையின் பாதிக் கத்தோலிக்கர்களும் முழந்தாளில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தவழ்ந்து போய், சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

"பதின்மூன்றாம் தலம்," என்றார் ஃபாதர். அவருடைய குரல் நடுங்கியது கோபத்திலா சிரிப்பிலா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

செபம் முடிந்து அம்மா பிளேன்ரீயும் அவித்த கடலையும் கொடுத்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று விளக்கம் கொடுத்தேன். ஞாயிறு கணக்கில் வராததை, சனி மாலையை, சூசையப்பரை, எல்லாவற்றையும். கடைசியாக, "வேணுமெண்டா ஃபாதரிட்டக் கேளுங்க, அவர்தான் சொன்னவர்," என்று முடித்தேன்.

எல்லோரும் ஃபாதரைப் பார்த்தார்கள். ஃபாதரின் வாய் நிறையக் கடலை.

"நான் அதை ஞானக்கேள்வி எண்டு நினைச்சன்," என்றார், மென்று விழுங்கிவிட்டு.

பிலோமினா அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் குதிரைக்கு ஏன் என்ட பெயர்?"

பொய் சொல்ல நேரமில்லை. "அது நல்ல குதிரை அன்ரி."

"உதைக்குதே."

"தொடக்கத்தில கொஞ்சம் உதைக்கும் அன்ரி. பிறகு பழகிடும்."

மூலையில் ஷெரின் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றே நினைத்தேன். அன்ரி எழுந்தார், பெட்டியின் வயர்களைக் கழற்றினார், அந்த ஊதாத் துணியிலேயே அதைச் சுற்றிக் கையில் எடுத்தார். "மிச்சத் தவக்காலம் இது என்ட அல்மாரியில இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கிள் என்னைப் பார்த்து ஒரு அனுதாபப் பார்வை பார்த்தபடி பின்னால் போனார்.

அதற்குப் பிறகு பாஸ்கா வரைக்கும் நான் இருந்ததுதான் உண்மையான தவக்காலம். சோறு இறங்கவில்லை. கேம் ஞாபகமே வரவில்லை. ஷெரினை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் போனில், "அம்மா ஒண்டும் சொல்றா இல்ல," என்று மட்டும் சொன்னாள். அது ஏச்சை விடப் பயமாக இருந்தது.

பாஸ்கா ஞாயிறு. கையில் கேக் பெட்டியோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவர் அன்ரி. என்னைப் பார்த்தார், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்ன இது? கரட் கொண்டு வரயில்லையா?"

உள்ளே ஷெரின் சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வருடக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். (கம்பனி சொன்ன வருடக் கடைசிக் கேம், தள்ளிப்போனது.)

அன்று தொடங்கி எங்கள் அன்பியத்தில், விடுவதற்குச் சிரமமில்லாத ஒன்றை விடுவதற்குப் பெயர் 'ஜூட் ஒறுத்தல்'. சீனி வருத்தக்காரர் இனிப்பை விட்டால் ஜூட் ஒறுத்தல். பல் கட்டியவர் கச்சான் கடலையை விட்டால் ஜூட் ஒறுத்தல். ஒரு விபூதிப் புதன் பிரசங்கத்தில் ஃபாதரே அதைச் சொல்லிவிட்டார். கோயில் முழுதும் நான் உட்கார்ந்திருந்த வாங்குப் பக்கம் திரும்பியது.

போன விபூதிப் புதன் மாலை கூட்டத்தில் என் மாமியாகிவிட்ட பிலோமினா அன்ரியின் முறை வந்தது. அவர் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, "நான் இந்த முறை பாஸ்கா வரைக்கும் மருமகனை ஏசுறதை விடுறன்," என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த மனுசி என் மேல் வைத்திருக்கிற பாசத்தைப் பார் என்று ஷெரினின் கையைப் பிடித்தேன். ஷெரின் என் காதருகே குனிந்தாள்.

"அம்மா நாளைக்குக் காலையில கனடாவுக்கு என்ட தம்பிட்டப் போறா. பாஸ்கா முடிஞ்சுதான் வாறா."

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்து, மிகுந்த பக்தியோடு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.