மாப்பிள்ளையை ‘டேய்’ என்றது தொடர்பாக

வடவள்ளி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை நிதீஷ் அவர்களுக்கு, மாமனார் காளிச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை தெய்வாத்தாளும் சுகம். மெல்போர்னில் நீங்களும் நித்யஸ்ரீயும் பேரன் ஆதர்ஷும் சுகமாக இருக்கச் சென்னிமலை ஆண்டவர் அருள வேண்டும். சென்ற வியாழக்கிழமை போனில் தங்களை “டேய்” என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதும்படி, உங்கள் அத்தை தாளும் பேனாவும் வாங்கி வந்து முன்னால் வைத்துவிட்டாள். போனில் கேட்டால் மறுபடியும் சொல்லிவிடுவேனாம். ஆகவே மன்னிப்பு கூரியரில் வருகிறது.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் உங்களை ஒரு சொல் குறைத்துப் பேசியவன் இல்லை நான். நீங்கள் வீடியோவில் கூப்பிட்டால்கூட ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்துதான் பேசுவேன். மாப்பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பழக்கம் எங்கள் வகையறாவில் கிடையாது. கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரைத் திட்டிக்கொள்வோம். அப்படிப்பட்டவன் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று விளக்கிவிட்டால் மன்னிப்புக் கேட்பது சுலபமாகிவிடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருக்கிற உங்கள் இந்த வீட்டைக் கட்டும்போது பூமிக்கடியில் ஒரு சினிமாக் கொட்டகையும், படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு கக்கூசும் வேண்டும் என்றீர்கள். தெருச் சாக்கடைக்கு ஆறடி கீழே கக்கூசு வைத்தால் தண்ணீர் எப்படிங்க மேலே போகும் என்று அன்றைக்கே கேட்டேன். “குழி வெட்டி மோட்டார் வெச்சு ஏத்திடலாம் மாமா, எல்லாம் ஆட்டோமேட்டிக்” என்றீர்கள். அந்த ஆட்டோமேட்டிக் போன மாதம் நின்றது. நான் சினிமாக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தபோது தண்ணீர் கக்கூசைத் தாண்டி முதல் வரிசைக்கு வந்திருந்தது. குழி மூடியைத் திறக்கலாம் என்றால் எட்டு போல்ட்டும் துருப்பிடித்து மூடியோடு ஒன்றாகிவிட்டன. ஈரம் படுகிற இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுதான் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, உங்கள் கான்ட்ராக்டர் சாதா போல்ட்டைப் போட்டு, அதன்மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார். முப்பத்துநாலு வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்குப் பெயின்ட் அடித்துக் காட்டியிருக்கிறார்! மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊற வைத்தேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனரில் குழாயைச் சொருகிக்கொண்டு தொங்கினேன். போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு வர, நான் போய் உங்கள் சோபாவில் விழுந்தேன். சோபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு நீங்கள் நம்பர் அனுப்பிய பிளம்பர் பிரவின்குமாரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செரிங்க, வாரேனுங்க” என்றார். காத்திருந்தேன். மறுநாள் கூப்பிட்டேன். “ஆமாங்க, தெரியுமுங்க, வாரேனுங்க.” இப்படியே நான்கு நாள். வெளியே போனால் அந்த மனிதர் வந்து திரும்பிவிடுவாரோ என்று பால் வாங்கக்கூடப் போகவில்லை. ஐந்தாம் நாள், “வாரேன் வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருக்கறீங்களே, இது நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். “ஏனுங்க, போனை வெக்கறப்ப போறேன்னா சொல்லுவாங்க? வாரேன்னுதானுங்களே சொல்லோணும்!” நான்கு நாளும் அந்த ஆள் என்னிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாருங்க. நான்தான் மடையன் மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வந்தார். கிரைண்டரை எடுத்தார். குழிக்குள் கேஸ் இருக்கும், பொறி பட்டால் சினிமா இல்லாமலே வெடிச் சத்தம் கேட்கும் என்று சொல்லித் தடுத்து, மிச்ச போல்ட்டுகளை உளி வைத்து நானே வெட்டினேன். மூடியைத் தள்ளியதும் வந்த நாற்றத்தில் இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். “மோட்டாரு அடியில மாட்டிக்கிச்சுங்க, ஆளு எறங்கோணும்” என்று சொல்லி ஒருவரை வரவழைத்தார். பெயர் திருமூர்த்தி. ஐம்பது வயதிருக்கும். முகத்துக்கு ஒன்றும் இல்லை, காலுக்கு ஒன்றும் இல்லை, இடுப்பில் ஒரு கயிறு. கயிறு எதற்குங்க என்று கேட்டேன். “மேல இழுக்கறதுக்குங்க” என்றார் பிரவின்குமார். “ஏனுங்க, அவுரே ஏறி வரமாட்டாருங்களா?” என்றேன். பிரவின்குமார் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். திருமூர்த்தி சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தார். உள்ளே அந்தக் கேஸ் மூச்சை அடைத்தால், சட்டையை எடுத்துப் போட ஆள் இருக்காது.

முடியாது என்றேன். பிரவின்குமார் உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீங்கள் அங்கிருந்து, “நாலு நிமிஷ வேலை மாமா, அவங்களுக்கு இது பழக்கம்தான், நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்றீர்கள். அப்போதுதான் முதல் டேய். “என்ன மாமா?” என்று கேட்டீர்கள். “டேய், நீ வந்து எறங்குடா!” என்றது இரண்டாவது. “டேய், போனை வெய்யிடா!” என்றது மூன்றாவது. அதுவும் நான்தான். தொண்டை கட்டியிருந்ததால் குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்டிருக்கும்.

திருமூர்த்திக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். மறுநாள் கழிவுநீர் லாரி வந்து மேலே நின்றபடியே எல்லாவற்றையும் உறிஞ்சியது. மோட்டாரைச் சங்கிலி போட்டுத் தூக்கினோம். ஒருவரும் இறங்கவில்லை. மோட்டாரில் என்ன சுற்றியிருந்தது தெரியுங்களா? ஈரக் காகிதம். துடைத்துப் போடுகிற காகிதம், ஒரு கூடை. சிறுவாணித் தண்ணீர் வருகிற ஊரில் அதை வைத்து யார் துடைத்தது என்று நான் கேட்கவில்லை. சித்திரை விடுமுறைக்கு வந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காகிதத்துக்காக ஒரு மனிதரைக் கயிற்றில் கட்டி இறக்க இருந்தோம்.

ஆகவே மாப்பிள்ளை, மன்னிப்புக் கேட்க இவ்வளவு தூரம் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. சோபாவில் விழுந்ததற்கு வேண்டுமானால் கேட்டுக்கொள்கிறேன். வீடு உங்களுடையது, காலி செய்யச் சொன்னால் செய்துவிடுகிறோம். நித்யஸ்ரீக்கும் ஆதர்ஷுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் நீண்ட ஆயுளோடும் குறையாத செல்வத்தோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
காளிச்சாமி

பின்குறிப்பு: இதைப் படித்துப் பார்த்து உங்கள் அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

மாப்பிள்ளைங்களுக்கு, அத்தை எழுதறதுங்க. மன்னிப்புக் கேக்கச் சொல்லி இவரை ஒக்கார வெச்சது நாந்தானுங்க. ஆனா மாமா இதுல ஒரு பொய் எழுதிப்போட்டாருங்க. அவருக்குத் தொண்டையெல்லாம் கட்டலீங்க. மூணாவது டேய் நாஞ்சொன்னதுங்க. இன்னொருக்கா அந்தக் குழியில ஆளை எறக்கச் சொன்னீங்கன்னா, நாலாவதும் நானே சொல்லுவேனுங்க.