கான்கிரீட் உறைக்குள் சாக்ஸபோன்

இனிமேல் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ரகசியம் இருந்தே தீரும் என்று முடிவு செய்தேன். பத்திரிகை அலுவலகத்தில் பெரிய மனிதர்களின் ரகசியங்களையெல்லாம் வெட்டி ஒட்டித் தலைப்புப் போடுகிறவன் நான். வீட்டிலோ, என் சட்டைப்பையில் இருக்கும் பேனாவில் மை தீர்ந்த செய்தி எனக்கு முன்பே என் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

என் ரகசியத்தின் பெயர் டெனர் சாக்ஸபோன்.

ஒருநாள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய இசைத்தட்டுக் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். கடைக்காரர் ஒரு தட்டைச் சுழல விட்டார். தொண்டை கரகரத்த பெரிய மனிதர் ஒருவர், அவசரமே இல்லாமல், தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தது போல் இருந்தது. வார்த்தைதான் இல்லை. ஊதுமுன் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"ப்ளூஸ் சார், அமெரிக்கக் கறுப்பர்களோட சோகப் பாட்டு. டெனர்னு இந்தக் கனத்த குரல் சாக்ஸபோன்ல வாசிச்சா இப்படித்தான், ஆளை நகர விடாது" என்றார் கடைக்காரர்.

மழை விட்டது. நான் நகரவில்லை.

தட்டுகள் சேர்ந்தன. ஆனால் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நான் வாங்கிய மீன் தொட்டி, டெலஸ்கோப், மடக்கினால் மீண்டும் விரியாத கூடாரம் ஆகியவற்றுக்குப் பிறகு, "புதுசா ஒரு சாமான் வாசப்படி தாண்டக் கூடாது" என்று மனைவி அறிவித்திருந்தாள்.

கைகொடுத்தவர் மாமனார். பாலம் கட்டும் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் சொற்பொழிவுகளை இசைத்தட்டுகளாகப் பதிந்து, ஒரு ரெக்கார்ட் பிளேயரோடு எனக்குக் கல்யாணப் பரிசாகத் தந்தவர். தலைப்பு, 'கான்கிரீட்டும் நானும்'. சாம்பல் நிற உறைகள். இதுவரை யாரும் பிரித்ததில்லை.

தனியாக இருக்கும் அவரை இங்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் கோரிக்கை. இடம் போதாது, வேலை அதிகம், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உண்மைக் காரணம், அவர் பேச ஆரம்பித்தால் ஈரச் சிமெண்ட் இறுகும்வரை நிறுத்த மாட்டார்.

கான்கிரீட்டை அலுவலக அலமாரியில் பூட்டினேன். அதன் உறைகளில் சாக்ஸபோன் குடியேறியது. சாயங்காலம் ஹெட்போனை மாட்டிச் சாய்ந்தால் சொர்க்கம்.

"என்னங்க, என்ன கேக்குறீங்க?" தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"உங்கப்பாவைத்தான்."

"எங்கப்பாவையா?"

"பின்னே? என்ன ஆழம், என்ன ஆழம்!"

"கண்ணுல தண்ணி நிக்குது?"

"ஜல்லிக்கு எவ்வளவு சிமெண்ட்னு சொல்றார் பாரு. உருகிட்டேன்."

"கால் தாளம் போடுதே?"

"அது... பின்னால கலவை மெஷின் ஓடுதும்மா."

அவள் என்னைப் பாசத்தோடு பார்த்தாள். இவ்வளவு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாமனார். இரண்டு பெட்டி, ஒரு படுக்கை.

"மாப்பிள்ளை! பொண்ணு போன்ல எல்லாத்தையும் சொன்னா. கேட்டு அழுதீங்களாமே! இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அதைக் கேட்டதா சொன்னதில்லை." என் கையைப் பிடித்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?"

"அந்த... மெதுவாப் போற இடம், மாமா."

"கான்கிரீட் இறுகுற அத்தியாயம்! எனக்கும் அதுதான்! ரெண்டாம் பாகத்தைப் பதிவு பண்ண முடியாமப் போச்சு. அதனால என்ன, நேர்லயே சொல்லிடறேன்."

சமையலறையில் மனைவியை மடக்கினேன்.

"குழாய் ஒழுகுதே?"

"நேத்தே சரி பண்ணியாச்சு."

"தட்டு மாத்தின விஷயம் உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே. எங்கப்பா பேச்சுக்கு எங்கம்மாவே தூங்கிடுவாங்க. நீங்க தாளம் போடுறீங்க!"

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. நீங்க ஆபீஸ் போனதும் தினமும் கேட்டேன். அஞ்சாவது உறையில இருக்கறவர்தான் ஒசத்தி."

"மூணாவது உறைதான். என்ன வேகம்!"

"வேகம் பெருமைக்குங்க. இவர் ஒரு சுரத்தைப் பிடிச்சா விட மனசில்லாம நிக்கிறார் பாருங்க, அவருக்கு நிஜமாவே ஏதோ கனக்குது. அவர் தட்டு வேற இருந்தா வாங்கிட்டு வாங்க."

"சட்டம்?"

"உறை இன்னும் மிச்சம் இருக்கே."

அவள் சொன்னது சரிதான். ஐந்தாவதுதான் ஒசத்தி. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்போது சாயங்காலமானால் கூடத்தில் ரெண்டாம் பாகம் நடக்கிறது. மாமனார் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு பேசுகிறார். முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது. எதிரே மனைவி. காதில் என் ஹெட்போன், மூடிய கண்கள், தாளம் போடும் கால்.

நேற்று மாமனார் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

"பாருங்க மாப்பிள்ளை, உங்களைப் பார்த்து அவளும் என் முதல் பாகத்தைக் கேட்க ஆரம்பிச்சுட்டா!"

"ஆமாம் மாமா" என்றேன். "நீங்க சொல்லுங்க. மணலைக் கழுவுறதுல விட்டீங்க."