கட்டை சாய்த்தல், ஒரு மணி முதல் இரண்டு வரை

ஒரு மனிதர் தூங்கிய தூக்கத்தை இரண்டு மாதம், தேதிவாரியாக, முத்து முத்தான கையெழுத்தில், வேலை என்று எழுதி வைத்த முட்டாள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகவே கண்டுபிடித்தால் அவமானம் இன்னும் ஜாஸ்தி.

அந்த மனிதர் அடுக்கு நைனா. அறுபதுகளில் ராயபுரத்து மரக் கிடங்கு ஒன்றில் கட்டைகளை அடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. பகல் தூக்கத்தில் அவரை மிஞ்ச ஆசியாக் கண்டத்திலேயே ஆள் கிடையாது. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் நாங்கள் காதைப் பொத்துவோம். நைனா புரண்டு படுத்து மறு காதையும் அதற்குக் காட்டுவார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குமாஸ்தா. யார் எப்போது என்ன வேலை செய்தார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதுவது என் உத்தியோகம். முதல் நாளே, நெத்திலிக் குழம்புச் சோற்றை முடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்தார் நைனா.

“சார், கொஞ்ச நேரம் கட்டைய சாச்சிட்டு வந்துர்றேன்.”

மரக் கிடங்கில் ஒருவர் கட்டையைச் சாய்க்கிறேன் என்றால் என்ன நினைப்பது? ‘1 முதல் 2 வரை, கட்டை சாய்த்தல்’ என்று எழுதினேன். மழையிலும் சாய்த்தார். ஒரு நாள், “வெய்யிலு மண்டைய பொளக்குது சார். டபுளா சாச்சாதான் சரியாவும்” என்றார். ‘இரட்டைக் கட்டை, 3 வரை’ என்று எழுதி, ஓரத்தில் ‘நல்ல உழைப்பாளி’ என்றும் குறித்தேன்.

ரிஜிஸ்டரை ஒரு நாள் முதலாளி புரட்டினார்.

“தினம் சாய்க்கிறான்னு எழுதியிருக்கே. நம்ம டிப்போவுல சாஞ்ச கட்டை ஒண்ணுகூட இல்லையேய்யா?”

மதியம் ஒன்றேகாலுக்கு அவரைப் பெருமையோடு தேக்கு அடுக்குக்குப் பின்னால் அழைத்துப் போனேன். கோணி விரித்து, முகத்தில் துண்டு போட்டு, நைனா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“கட்டை எங்கேய்யா?”

நானும் தேடினேன். டீ குடித்துக்கொண்டிருந்த சுமையாள் ஒருவர்தான் இரக்கப்பட்டார். “இன்னா சார் தேடிக்கினு கீற? அதோ மல்லாந்துகினு கீதே, அதான் கட்டை!”

முதலாளி கோணியை ஓர் உதை விட்டார். “இன்னியோட உனக்கு வேலை கிடையாது.”

நைனா வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு வேலையில்தான். அவர் நிதானமாகத் துண்டை உதறினார்.

“சரி மொதலாளி. மூணு மணி லோடை ஏத்திட்டுப் பூட்றேன். பசங்கள தனியா வுட்டா பேஜாராயிடும்.”

மூன்று மணிக்கு லாரி வந்தது. பாதி லோடு ஏறியிருந்தது. முதலாளி பகலில் தூங்காதவர். சாப்பாட்டுக்குப் பின் அவர் கண்கள் திறந்திருக்கும், பார்க்காது. பெரிய கொட்டாவி ஒன்றை விட்டபடியே லாரிக்குப் பின்னால் போய் நின்றார். நைனா ஒரே தாவலில் அவர் காலரைப் பிடித்து இழுத்தார். முதலாளி நின்ற இடத்தில் முழுத் தேக்கு ஒன்று உருண்டு விழுந்தது.

“முட்டுக்கட்டை நவுந்துகினு கீது, பாக்காம நிக்கற. நின்னுகினே தூங்கறியா மொதலாளி?”

முதலாளி உள்ளே போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். ரிஜிஸ்டரைக் கேட்டார். நைனா பெயரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதை என் பக்கமே தள்ளினார்.

“ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் என்னமோ எழுதுவியே, அதையே எழுது.”

மறுநாள் ஒரு மணிக்கு, நைனா வருவதற்குள் அவர் கோணியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தலைமாட்டில் வந்து நின்றார்.

“நைனா, என்னால உங்க வேலையே போயிருக்கும். எம்மேல கோவமே இல்லையா?”

“தள்ளிப் படு.”