டவுன்பஸ் நின்ற இடம்

பஸ்ஸைப் பிடிக்க ஓடாதவர்கள் உலகத்தில் கிடையாது. பஸ்ஸைத் தோற்கடிக்க ஓடியவன், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவன்தான். ஜெயித்த பிறகும் இழவு வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

தொண்ணூறுகளில், ஓசூருக்கு அந்தப் பக்கம், கன்னடம் பேசுகிற ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் அவனும் நானும் ஒரே அறை. ஆனேக்கல்காரன். பெற்றவர்கள் வைத்த பெயரை வார்டனே மறந்துவிட்டார். வேலூர்ப் பக்கத்திலிருந்து போன நான் வைத்த ‘டவுன்பஸ்’தான் நிலைத்தது.

பிறவி அழுமூஞ்சி. பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால், “ஒரு வருசம் போச்சு மச்சான்” என்பான். மெஸ்ஸில் அதிசயமாகப் பாயசம் போட்டால், “நாளைக்கு சாம்பார்ல கை வெச்சிருவானுங்க, பாரு” என்பான். மறுநாள் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். அதனால் அவன் வாயைத் திறந்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவோம்.

ஆனால் ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். அதுவும் வெறுங்காலில். பி.டி. மாஸ்டர் ஷூ வாங்கிக் கொடுத்தபோது, “வேணாம் சார், அதுக்கு வேற பழகணும், அப்புறம் அது கிழியும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால், “இது செக்குமாட்டு வேல சார்” என்று ஓல்டு மெட்ராஸ் ரோட்டுக்குப் போய்விடுவான். அங்கே காலையில் வருகிற பஸ்ஸோடு பந்தயம். பஸ் நின்றால் இவனும் நிற்பான். கண்டக்டர் “ரைட்” என்று குரல் கொடுத்தால்தான் மறுபடி ஓடுவான்.

“அது ஆளு ஏத்தும்போது நான் ஓடுனா போங்கு மச்சான்” என்பான்.

“ஏய், ஹுச்சனா நீனு?” என்று, பைத்தியமா நீ என்கிற கேள்வியைக் கண்டக்டர் தினமும் கன்னடத்தில் கேட்டார். போகப்போக அவரும் கட்சி மாறிவிட்டார். இவன் மூச்சு வாங்கி நிமிர்ந்த பிறகுதான் “ரைட்” வரும். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று பஸ்ஸுக்குள் கத்துவார்கள். ஜன்னலோரப் பயணிகள் மட்டும் இவன் பக்கம்.

இதோடு விட்டானா? யார் கையை நீட்டினாலும் நின்றுவிடுவான். ஒரு அம்மா ஆட்டோவுக்குக் கை காட்ட, இவன் போய் எதிரில் மூச்சிரைக்க நின்றான். அந்த அம்மா கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பி.டி. மாஸ்டர்தான் மீட்டு வந்தார்.

“ஏன்டா இப்படி மானத்த வாங்கற?” என்று அறையில் வைத்துக் கேட்டேன்.

“எங்கப்பா பொம்மசந்திராவுல ஃபேக்டரி வேல. ஷிஃப்ட் முடிஞ்சி ஓசூர் ரோட்ல கைய நீட்டிக்கினு நிப்பாரு. கூட்டமா வர்ற பஸ்ஸு நிக்காது. மூஞ்சில புழுதி அடிச்சிட்டுப் போவும். அவரு நீட்டுன கையாலயே தொடச்சிக்குவாரு. சின்ன வயசுல கூட நின்னு பாத்திருக்கேன். யாரு கை காட்டுனாலும் என்னால தாண்டிப் போவ முடியல மச்சான்.”



அந்த வருஷம்தான் அந்த ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்பாவுக்குச் சம்பளம் இல்லை. அதே சமயத்தில் கல்லூரிகளுக்கிடையிலான ரோடு ரேஸ் வந்தது. ஆனேக்கலில் கிளம்பி, ஓசூர் ரோட்டைப் பிடித்து, பொம்மசந்திரா தாண்டி முடிகிற ஓட்டம். முதல் மூன்று பேருக்கு ஒரு அரசாங்கக் கம்பெனியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று பி.டி. மாஸ்டர் உறுதியாகச் சொன்னார்.

“மூணுக்குள்ள வந்தா வேல. இல்லன்னா படிப்ப வுட்டுட்டு எதுனா காண்ட்ராக்ட்ல மூட்ட தூக்கணும்” என்றான் டவுன்பஸ். வழக்கமான அழுகை இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

ஓட்டத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. நிற்காமல் இருக்கத்தான் பழக்க வேண்டியிருந்தது. ஹாஸ்டலே எழுந்து போய் ரோட்டோரம் மரத்துக்கு ஒருத்தனாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். முதல் நாள் எல்லாரிடமும் நின்றான். பி.டி. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டான். தாண்டும்போது ஒவ்வொருவனிடமும், “கோச்சிக்காத மச்சான், கோச்சிக்காத” என்று முனகிக்கொண்டே போவான். கேட்கவே பாவமாக இருக்கும்.

ரேஸ் அன்று பி.டி. மாஸ்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். டவுன்பஸ் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். சந்தாபுராவில் ஒரு கூட்டமே கையை ஆட்டியது. “கோச்சிக்காதீங்க” என்று தாண்டினான். பி.டி. மாஸ்டர் ஸ்கூட்டரிலேயே கும்பிட்டார். பொம்மசந்திரா வந்தது. முடிவுக்கோட்டுத் துணி கண்ணுக்குத் தெரிந்தது.

பூட்டிக் கிடந்த ஃபேக்டரிக்கு எதிரே, எத்தனையோ வருஷம் நின்ற அதே இடத்தில் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். மகன் ஓடுவதைப் பார்க்க வந்தவர். அவனைப் பார்த்த சந்தோஷத்தில் கையை நீட்டினார்.

டவுன்பஸ் நின்றுவிட்டான்.

“ஏன்டா நின்ன? ஓடுடா!” என்று பதறினார் அப்பா. அவன் அசையவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அய்யோ, குடி கெட்டுச்சே!” என்றார் பி.டி. மாஸ்டர். எனக்கு என்ன தோன்றியதோ, ஸ்கூட்டரில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: “ரைட்! ரைட்!”

ஓடினான். ஆனால் அதற்குள் இரண்டு பேர் அவனைத் தாண்டிவிட்டார்கள். நான்காவது.

முடிவுக்கோட்டுக்கு அப்பா மெல்ல வந்து சேர்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. “நான் கை காட்டுனதாலதான் நின்னியாடா?” என்று கேட்டார்.

பஸ்ஸிடம்கூடப் போங்கு ஆடாதவன், பெற்ற அப்பாவிடம் பொய் சொல்லவா போகிறான்?

“சேச்சே, இல்லப்பா. நீங்க நின்னத நான் பாக்கவேயில்ல. ஷூ கடிச்சிச்சி. அதான் நின்னேன்.”

அப்பா குனிந்து பார்த்தார். புழுதி அப்பிய வெறுங்கால்.

“ஆமாண்டா. புது ஷூவுன்னா கடிக்கத்தான் செய்யும்” என்றார்.

அடுத்த வாரம் அவன் அறையைக் காலி செய்துகொண்டு போனான். பொம்மசந்திராவில் காண்ட்ராக்ட் வேலை என்று கேள்விப்பட்டேன். பிறகு அதுவும் இல்லை. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் இப்போது ஓசூர் ரோட்டில் ஆபீஸ் வேனில் போய்வருகிறேன். வழியில் யாராவது கையை நீட்டினால், “நிறுத்துப்பா, ஏத்திக்கலாம்” என்று சொல்லிவிடுகிறேன். “ரூல்ஸ் இல்ல சார், தெனமும் இதே ரோதனையா?” என்று டிரைவர் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்ய? டவுன்பஸ்ஸோடு ஒரே அறையில் இருந்தவன்.