ஒரு வருஷம் பிரிஞ்சு இருக்கணுமாம்!

கோதைநாயகியை விவாகரத்து செய்துவிடுவது என்று அழகியமணவாளன் திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தார். இரண்டாவது காபிக்கு முன்னால் தீர்மானித்து, காபி வந்ததும் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடமே கொடுத்துவிட்டு, பிறகு உறுதி செய்துகொண்டார். ரயில்வே கணக்கு ஆபீசில் குப்பை கொட்டியவர்; எதிலும் அவசரப்பட மாட்டார்.

நிஜமாகவே விவாகரத்தா? அட, நீங்கள் வேறு! அந்த மனுஷருக்குப் பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரியாது. கோதையைக் கூப்பிடத்தான் தெரியும். விஷயம் இதுதான். கோதை தன் திருப்பாவை கோஷ்டிப் பெண்களோடு பத்ரிநாத் யாத்திரை கிளம்புகிறாள். வியாழக்கிழமை ரயில், திரும்பி வரப் பதினைந்து நாள். இவரையும் கூப்பிட்டாள். "அந்தக் குளிர் அடியேனுக்கு ஆகாது" என்றார். "சரி, அப்போ நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றுவிட்டாள். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவே இல்லை.

பதினைந்து நாள் அடுப்படியில் நின்று தளிகை யார் பண்ணுவது? எப்படியாவது அவளை நிறுத்தியாக வேண்டும். தலைவலி, முதுகுவலி, நெஞ்சு படபடப்பு எல்லாம் போன வாரமே காட்டிப் பார்த்தாயிற்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுக்குக் கஷாயம்தான் கிடைத்தது. பாக்கி இருந்த பிரம்மாஸ்திரம் விவாகரத்து. அந்த வார்த்தையைக் கேட்டால் கோதை அரண்டுபோய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடுவாள் என்று மனக்கணக்குப் போட்டார்.

அஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தவர் மாத்ருபூதம். பழைய ஆபீஸ் சிநேகிதர், எடமலைப்பட்டி புதூரில் வீடு. "நான் கோர்ட்டுக்குப் போயிட்டேன் அய்யங்காரே! இப்ப என்னைக் கேள்வி கேக்க ஆள் இல்ல. ராஜா மாதிரி இருக்கேன்" என்று போனில் பீற்றிக்கொண்டிருந்தார்.

கோதை வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோதை, நான் உன்னை டைவர்ஸ் பண்ணப்போறேன்."

கத்தி நிற்கவில்லை. "ஏன்னா, எப்போ?"

"எப்போவா? சீக்கிரமே!"

"வியாழக்கிழமைக்கு முன்னாடியா, அப்புறமா? நான் ஊர்ல இருக்க மாட்டேனே."

"அது... கோர்ட்டுல சொல்லுவா."

"எந்தக் கோர்ட்டு? என்ன காரணம் போடப்போறேள்? என்னென்ன கொண்டு வரணுமாம்?"

"அதெல்லாம் இனிமேதான் விசாரிக்கணும்."

"விசாரிக்காமயா ஆரம்பிச்சேள்? கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குவேளே! போய் முழுசாக் கேட்டுண்டு வாங்கோ. வர வழியில கறிவேப்பிலை."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, நனையாமல் முடியுமா? மறுநாள் திருச்சி கோர்ட்டுப் பக்கம் போய் விசாரித்து, ஜெகபர் சாதிக் என்ற வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தார். வக்கீல் சின்ன வயசு, பெரிய பொறுமை.

"சொல்லுங்க சார். என்ன காரணம்? கொடுமை, விட்டுட்டுப் போயிட்டாங்க, அப்படி ஏதாவது?"

"விட்டுட்டுப் போகப்போறா. பத்ரிநாத்துக்கு."

"திரும்பி வருவாங்கல்ல?"

"வருவா."

"அப்ப அது சேராது சார். கொடுமை எதாச்சும்?"

அழகியமணவாளன் ஆழமாக யோசித்தார். "சாத்தமுதுல உப்பைக் குறைச்சுட்டா. அதான், ரசத்துல. பிரஷர்னு டாக்டர் சொன்னாராம்."

சாதிக் பேனாவை மூடி வைத்தார். "சார், அது கொடுமை இல்ல, வைத்தியம். ரெண்டு பேரும் சம்மதிச்சா வேற வழி இருக்கு. முதல்ல ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். அப்புறம் சேர்ந்து மனு போடணும். அதுக்கப்புறமும் யோசிக்க ஆறு மாசம் குடுப்பாங்க, கவுன்சிலிங் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, ரெண்டு பேர் ஆதாரும் வேணும்."

"இத்தனையா! என் சிநேகிதன் மாத்ருபூதம் சுளுவா முடிச்சுட்டானே. அவன் கேஸ் பேப்பரைப் பார்த்து அப்படியே எழுதிடலாமா?"

"குடும்ப நல கோர்ட்டு பேப்பரை அடுத்தவங்களுக்குக் காட்ட மாட்டாங்க சார். அன்னன்னிக்கு யார் யார் கேஸுன்னு வாசல்ல லிஸ்ட் ஒட்டுவாங்க. அதுல பேரும் நம்பரும்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது. "கோதை, நம்ம கல்யாணப் பத்திரிகை எங்கே இருக்கு?"

தான் யாரிடம் எதற்காக என்ன கேட்கிறோம் என்று அவருக்கு உறைப்பதற்குள் பத்திரிகை வந்துவிட்டது. கூடவே ஆல்பமும் வந்தது. "இந்த போட்டோ வேண்டாம், இதுல நீங்க முழிக்கறேள். ஊஞ்சல்ல உக்காந்திண்டு இருக்கறதைக் குடுங்கோ, ஜட்ஜ் பார்த்தா லட்சணமா இருக்கும்."

"ஒரு வருஷம் பிரிஞ்சு இருக்கணுமாம்" என்றார். குரலைத் தழுதழுக்க வைத்தும் பார்த்தார்.

"பேஷா இருக்கலாமே! அதுல பதினஞ்சு நாள் பத்ரியிலேயே கழிஞ்சுடும்."

பகீரென்றது அவருக்கு. யாத்திரையை நிறுத்தப் போட்ட திட்டம் யாத்திரைக்கே வழியனுப்பு விழா நடத்துகிறதே! சட்டம் கைவிட்டால் சம்பிரதாயம் இருக்கிறது என்று அதில் பாய்ந்தார்.

"எதுக்கு ஊரை விட்டுப் போகணும்? நம்ம பெருமாளும் தாயாரும் ஒரே கோயில்ல தனித்தனி சன்னிதியில இல்லையா? பங்குனி உத்திரத்துக்கு ஒரு நாள்தானே சேர்த்தி! தாயார் என்னிக்காவது சன்னிதியை விட்டு வெளியில வந்திருக்காளா? படிதாண்டாப் பத்தினி! நீ என்னடான்னா பத்ரிக்குப் போறேங்கறே."

சொல்லிவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்கள் யாராவது இதற்கு மறுப்புச் சொல்ல முடியுமா?

கோதை கையைத் துடைத்துக்கொண்டாள். "வாஸ்தவம்னா. படி தாண்டறது பெருமாள்தான். உறையூருக்கெல்லாம் அவர்தானே போயிட்டு வரார்? அப்போ நீங்கதான் கிளம்பணும்."

"எங்கே?"

"மாத்ருபூதம் ராஜா மாதிரி இருக்காராமே! அரண்மனையில உங்களுக்கு ஒரு ரூம் இருக்காதா?"

அவருக்குக் கோபத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். 'வாஸ்தவம்' என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே! அப்படியென்றால் யாத்திரை ரத்து. ரயில் போகிறவரை வெளியே இருந்துவிட்டு வந்தால் தீர்ந்தது. புதன்கிழமை சாயங்காலம் கிளம்பினார். பிரிந்து போகிறவருக்குப் பை அடுக்கிக் கொடுத்ததும் அவள்தான். இவருக்குத் தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது. போகிற போக்கில் வீட்டுச் சாவியை மேஜையில் டொக்கென்று வைத்தார். செருப்பு மாட்டுகிறவரை அவள் தடுப்பாள் என்று காத்திருந்தார். அவள் குடையை நினைவுபடுத்தினாள்.

எடமலைப்பட்டி புதூரில் ராஜா கைலியோடு நின்று தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கல்லில் ஒட்டியிருந்ததுதான் ராத்திரிச் சாப்பாடு என்று பிறகு தெரிந்தது. காலையில் அதே ராஜா புதுச்சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு, "ஒரு வாய்தா இருக்கு. நீங்களும் துணைக்கு வாங்க" என்றார்.

முடிந்துபோன கேஸுக்கு என்ன வாய்தா? குழப்பத்தோடு, பையையும் தூக்கிக்கொண்டு கூடவே போனார். கோர்ட்டு வாசல் லிஸ்டில் மாத்ருபூதம் பேரும் அவர் மனைவி மட்டுவார்குழலி பேரும் இருந்தன. பின்னாலேயே வக்கீல் ஜெகபர் சாதிக் வந்து நின்றார், கையில் மாத்ருபூதத்தின் கேஸ் கட்டோடு.

"சார், நீங்க பார்த்து எழுதணும்னு சொன்னது இவரு பேப்பரைத்தானே? வேணாம் சார். இது விவாகரத்து மனு இல்ல. பிரிஞ்சு போன சம்சாரத்தை சேர்ந்து வாழ வரச்சொல்லி இவரு போட்ட மனு."

அழகியமணவாளன் சிநேகிதரைப் பார்த்தார். "ராஜா மாதிரி இருக்கேன்னியே ஓய்?"

"கேள்வி கேக்க ஆள் இல்லன்னு சொன்னேன்ல? அது பொய்யா?" மாத்ருபூதத்தின் கண் கலங்கிவிட்டது. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு கேக்கக்கூட ஆள் இல்ல அய்யங்காரே."

அப்போது மட்டுவார்குழலி வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் பிளாஸ்க். மாத்ருபூதத்தின் புதுச்சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "தோசை சுட வந்துச்சா?"

"ஓரம் மட்டும்தான் இப்ப கருகுது குழலி."

"ஓரமும் கருகாம வரட்டும். அப்புறம் யோசிப்போம்" என்று உள்ளே போய்விட்டார்.

அழகியமணவாளனுக்குக் கோதை இல்லாத வீட்டில் கோதை இல்லாத சமையலறையும், அதில் கைலியோடு தானும் கண்முன்னே வந்து நின்றன. ஐயோ, ரங்கா! விளையாட்டாகக்கூட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டோவுக்கு யோசிக்கிற மனுஷர், ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் வந்தார். இரண்டு மாடி ஏறினால், கதவில் பூட்டு.

எதிர் ஃபிளாட் சம்ரீன் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி மத்தியானமே கிளம்பிட்டாங்க அங்கிள். நீங்க வந்தா உடனே போன் பண்ணச் சொன்னாங்க."

போன் போட்டார். ரயில் சத்தம், பெண்கள் சிரிப்பு.

"கோதை! தாயார் படி தாண்ட மாட்டாள்னு ஒத்துண்டியே!"

"தாயார் தாண்ட மாட்டாதான். நான் தாயார்னு எப்போ சொன்னேன்? உறையூர் நாச்சியாரைப் பார்த்துட்டு வர பெருமாளுக்கே தாயார் கோவிச்சுண்டு கதவைச் சாத்திடுவா. அதை மட்டும் பண்ணினேன். அப்புறம் வாழைமட்டையால விழுமே, அந்த மட்டையடி பாக்கி; திரும்பி வந்து பார்த்துக்கலாம்."

"எனக்கு டைவர்ஸ் வேண்டாம். நீதான் வேணும்."

"ஏன்னா, கேக்கலை, பாலத்து மேல போயிண்டிருக்கோம். உரக்கச் சொல்லுங்கோ."

"நீதான் வேணும்!" என்று அலறினார். மேல்மாடிக் கதவு திறந்தது. கீழ்மாடிக் கதவும் திறந்தது.

"அடுத்த வருஷம் கோஷ்டி துவாரகைக்குப் போறது. தலைவலி, நெஞ்சு படபடப்புன்னு எதுவும் வரப்படாது. சம்மதமா?"

"சம்மதம்!"

"திரும்பி வர வரைக்கும் சாதமாவது நீங்களே வடிச்சுக்கணும். சம்ரீன் சொல்லித் தருவா. சம்மதமா?"

"எல்லாத்துக்கும் சம்மதம்!" அந்தப் பக்கம் கோஷ்டி மொத்தமும் "கோவிந்தா!" என்று கோஷம் போட்டது. "இப்போவாவது சொல்லேன், சாவி எங்கே?"

"உங்க பையிலதான், பக்கத்து ஜிப்புல. ஒரு ராத்திரிக்கு மேல தாங்க மாட்டேள்னு, நேத்து பை அடுக்கறச்சேயே இன்னொரு சாவியைப் போட்டுட்டேன்."